இன்சூரன்ஸ் புதுப்பிப்பு நோட்டீஸில் போன வருடக் கணக்கையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மின்வாரியத்தின் வருவாய்ப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வேளச்சேரியில் தரைத்தள ஃப்ளாட்டில் இருக்கிறேன். 2017இல் வாங்கிய ஒரு வேகன்-ஆர் காரும் ஒரு ஸ்கூட்டரும் என் பெயரில் இருக்கின்றன. வண்டிகளுக்கும் வீட்டுக்கும் இன்சூரன்ஸ் கட்டி வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் இந்த ஏரியாவில் இருந்து பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

2025 நவம்பரில் கார் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி குறுஞ்செய்தி வந்தது. முடியும் தேதி, 12,684 ரூபாய் என்ற தொகை, பணம் கட்ட ஒரு லிங்க். அவ்வளவுதான். 2024 நவம்பரில் நான் கட்டியது 10,153 ரூபாய். கிட்டத்தட்ட கால்வாசி ஏறியிருக்கிறது. ஆனால் காருக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, மதிப்பு குறைந்திருக்கிறது, நடுவில் நான் எந்த கிளெய்மும் வாங்கவில்லை. கணக்குப்படி தொகை இறங்கியிருக்க வேண்டும்.

2024இல் ஏறியதற்கு எனக்குக் காரணம் தெரியும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கார் முழுகி கிளெய்ம் வாங்கினேன். ஐந்து வருடம் சேர்த்து வைத்திருந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கான தள்ளுபடி, அதோடு போய்விட்டது. அது விதி. அதில் எனக்குக் குறையே இல்லை, கம்பெனி பணமும் ஒழுங்காகத்தான் கொடுத்தது. 2025இல் ஏன் ஏறியது என்பதுதான் என் கேள்வி.

கஸ்டமர் கேருக்கு போன் செய்தேன். "சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் வருது" என்றார்கள். இரண்டாவது தடவை கேட்டபோது, "எல்லாருக்கும் ஏறியிருக்கு மேடம்." மூன்றாவது முறை பேசிய பையன் மட்டும் தயங்கித் தயங்கி, "வேளச்சேரி பின்கோடு இல்லீங்களா, ரிஸ்க் ஏரியா" என்றான். இருக்கலாம். பின்கோடுக்காக விலை வைக்கிறார்கள் என்றால் அதைத் தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்குப் பதில் இல்லை.

பிறகு இரண்டு வருடப் பாலிசியையும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிஸ்கேலைப் பிடித்து வரிவரியாகப் பார்த்தேன். ஆபீஸில் லெட்ஜர் சரிபார்த்த பழக்கம். முக்கால் மணி நேரம் ஆனது.

தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான தொகை, மாறவே இல்லை. அதை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் 1000 சிசிக்கு உட்பட்ட தனியார் காருக்கு 2,094 ரூபாய். என்னுடைய இரண்டு பாலிசியிலும் அதே எண்தான் இருந்தது. ஆகவே "கவர்ன்மென்ட்டே ஏத்திட்டாங்க" என்று யாராவது சொன்னால், முதலில் அந்த வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறியது ஓ.டி. எனப்படும் சொந்தச் சேதப் பகுதி. 2007 முதல் அதன் விலையை அந்தந்தக் கம்பெனியே வைத்துக்கொள்கிறது. பழைய கட்டணப் பட்டியலில் உள்ள சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து இவ்வளவு தள்ளுபடி என்று கழித்துக் காட்டுவார்கள். 2024இல் எனக்கு 60 சதவீதம் தள்ளுபடி கொடுத்திருந்தார்கள். 2025இல் அது 30 சதவீதமாகிவிட்டது. ஒரு வருடம் கிளெய்ம் இல்லாததற்கு 20 சதவீத போனஸ் கொடுத்தது உண்மை. அந்தப் பக்கம் கொடுத்ததைவிட இந்தப் பக்கம் எடுத்தது அதிகம். குறுஞ்செய்தியில் "உங்களுக்கு 20 சதவீத போனஸ்" என்று மட்டும் இருந்தது.

இதைக்கூட நான் விட்டிருப்பேன். என்னை உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அடுத்த பக்கம்.

பாலிசியோடு தனி விலைக்குச் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்புகளை ஆட்-ஆன் என்று போடுவார்களே, அந்தப் பட்டியலில் சாவி தொலைந்தால் மாற்றித் தருவது, டயர் பாதுகாப்பு, வழியில் வண்டி நின்றால் உதவி என்று மூன்று புதிதாகச் சேர்ந்திருந்தன. எதையும் நான் கேட்கவில்லை. தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் பம்பர் டு பம்பர் விலை 1,600இலிருந்து 2,450 ஆகியிருந்தது. 2024இல் நான் கேட்டுக் கேட்டு வாங்கிய என்ஜின் பாதுகாப்பு மட்டும் பட்டியலில் இல்லவே இல்லை.

அது எனக்கு ஏன் உயிர்நாடி என்பதைச் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி விடியற்காலை எங்கள் கட்டடத்தின் கார் பார்க்கிங்கில் தண்ணீர் சீட்டு மட்டத்துக்கு ஏறிவிட்டது. வடிய மூன்று நாள் ஆனது. வடிந்த பிறகு கதவைத் திறந்தால் மிதியடி தெரியவில்லை, ஒரு விரல்கடை உயரத்துக்குக் கறுப்புச் சேறு. அந்த நாற்றம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, சாவியைப் போடாமல், இழுவை வண்டிக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். என் காரின் என்ஜின் பிழைத்தது. மேல்வீட்டுத் தம்பிக்கு வேலைக்குப் போகிற அவசரம். "ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன் ஆன்ட்டி" என்று சாவியைத் திருப்பினான். உள்ளே போயிருந்த தண்ணீரில் என்ஜின் அப்படியே பூட்டிக்கொண்டது. அவனுக்கு சீட்டுக்கும் வயரிங்குக்கும் பணம் வந்தது, என்ஜினுக்கு வரவில்லை. தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் சாதாரண ஃபுல் கவர் பாலிசியில் அடங்காது, அதற்குத் தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் கணக்குப்போட்டு, கடனை எடுத்து, கடைசியில் வண்டியையே விற்றான்.

அதைப் பார்த்த பிறகுதான் 1,100 ரூபாய் கொடுத்து அந்தப் பாதுகாப்பை நான் எடுத்தேன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினோமே, அந்த வரிசையில் என் காரும் நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறவளுக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வருகிற புதுப்பிப்பில், என்ஜின் பாதுகாப்பை எடுத்துவிட்டு சாவிக்கும் டயருக்கும் பாதுகாப்பு போட்டு, கால்வாசி தொகையும் ஏற்றி அனுப்புகிறார்கள். லிங்கை அழுத்திப் பணம் கட்டியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அடுத்த வெள்ளத்தில்தான் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு 330 ரூபாய் போட்டிருந்தார்கள். அது ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும், வண்டிக்கு ஒன்று தேவையில்லை. என் ஸ்கூட்டர் பாலிசியில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் சரிபாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த வரியை எடுத்தார்கள். கார் காப்பீட்டுக்கு எடுக்கவில்லை. வேண்டாததைச் சேர்த்தால் அதற்கும் சேர்த்துத்தான் வரி கட்டுகிறோம்.

பெங்களூரில் இருக்கும் என் மகன், "வெறும் தேர்டு பார்ட்டி போட்டுட்டு விட்டுடும்மா, எட்டு வருஷத்து வண்டி" என்றான். இங்கே இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. அதே காரின் விவரங்களை வேறு மூன்று கம்பெனிகளில் கொடுத்துப் பார்த்தேன். என்ஜின் பாதுகாப்பும் பம்பர் டு பம்பரும் வைத்து, மற்றவற்றை எடுத்துவிட்டு, அதே மதிப்புக்கு 9,271 ரூபாய்க்கு ஒரு இடத்தில் கிடைத்தது. மாறிவிட்டேன். 3,413 ரூபாய் மிச்சம். எனக்கு அது ஒரு மாத மளிகையில் பாதி. போனஸ் போய்விடுமோ என்று பயந்து நிறையப் பேர் மாறாமல் இருக்கிறார்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்காரரோடு வருவது, கம்பெனியோடு நின்றுவிடாது. ஆனால் பேரம் பேசுகிறேன் என்று தேதியைக் கோட்டைவிட்டால், 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும். நடுவில் வண்டியை எடுத்தால் அபராதமும் உண்டு, முதல் தடவைக்கு 2,000 ரூபாய். பணத்தைவிட, யார் மேலாவது இடித்துவிட்டால் என்ன செய்வோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுப் பாலிசியிலும் இதே கதைதான். 2015 வெள்ளத்தின்போது ஹவுசிங் லோனோடு பேங்க் எடுத்துக் கொடுத்த பாலிசி இருந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் போன பிறகுதான் அது சுவருக்கும் கூரைக்கும் மட்டும் என்று தெரிந்தது. லோன் முடிந்ததும் அந்தப் பாலிசியும் முடிந்துவிட்டது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடன் முடித்த மகிழ்ச்சியில் பத்திரத்தை வாங்கி பீரோவில் வைக்கிறவர்கள் இதையும் விசாரித்துவிடுங்கள். அப்புறம் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை எடுத்தேன். 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் இதை விற்கின்றன. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேரும்.

2025 மார்ச்சில் அதற்கு வந்த புதுப்பிப்புத் தொகை 5,170 ரூபாய். அதற்கு முந்தைய வருடம் நான் கட்டியது 1,240. ஏஜென்ட்டைக் கேட்டால், "உங்க ஏரியால ஃப்ளாட் இப்ப 78 லட்சம் போகுதே மேடம், அதைத்தான் போட்டிருக்கேன்" என்கிறார். விற்கிற விலை வேறு, திரும்பக் கட்டுகிற செலவு வேறு. 78 லட்சத்தில் பெரும்பகுதி மனையின் பங்கு. அது எந்த வெள்ளத்திலும் அழிந்துவிடாது, கம்பெனியும் அதற்கு ஒரு ரூபாய் தராது. இந்தப் பாலிசியில் கார்ப்பெட் ஏரியாவைச் சதுர அடிக்கான கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 850 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய், ஆக 21 லட்சத்து 25 ஆயிரம். அப்படித் திருத்தியதும் 1,410 ரூபாய்தான் வந்தது. கட்டுமானச் செலவு ஏறியதால் 170 ரூபாய் கூட. இதை நான் முகம் சுளிக்காமல் கட்டினேன், ஏனென்றால் எதற்காக என்று எனக்குத் தெரியும்.

இங்கேதான் என் பழைய வேலையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு ஆணியில் ஒரு வெள்ளை அட்டை தொங்குமே, இ.பி. கார்டு, அதில் தேதி, ரீடிங், யூனிட், தொகை எல்லாம் வரிக்கு வரி இருக்கும். இந்த முறை எழுதிய வரிக்கு நேர் மேலே போன முறை எழுதிய வரி. 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறித் தொகை எகிறும். அப்போது ஜனங்கள் அந்தக் கார்டைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கு வந்து எங்களைப் பிடிபிடி என்று பிடிப்பார்கள். திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இரண்டு வரியையும் விரலால் தொட்டுக் காட்டி, "இங்கே 490 யூனிட், இங்கே 520 யூனிட், அதனால்தான் அம்மா" என்று சொல்ல முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூடப் புரிந்தது. கோபம் தீர்ந்ததோ இல்லையோ, சந்தேகம் தீர்ந்தது.

அந்த அட்டையில் இருந்த அளவுக்குக்கூட ஏன் இன்சூரன்ஸ் நோட்டீஸில் இல்லை? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல், பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று தர வேண்டும் என்று சொன்னது. நல்ல விஷயம். ஆனால் எனக்கு வந்த தாளில் இந்த வருடத்து விவரம் மட்டும்தான். ஒரு விலை ஏறியதா இறங்கியதா என்று தெரிய, பழைய எண் பக்கத்திலேயே இருக்க வேண்டாமா?

ஆகவே ஆணையத்துக்கு உங்கள் பத்திரிகை வழியாக வேண்டுகோள் வைக்கிறேன். புதுப்பிப்பு நோட்டீஸில் போன வருட வரியையும் இந்த வருட வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். காரின் மதிப்பு, ஓ.டி., அதில் கொடுத்த தள்ளுபடி, போனஸ், ஒவ்வொரு ஆட்-ஆனும் அதன் விலையும். புதிதாகச் சேர்த்தது எது, எடுத்தது எது என்று தனியாக எழுத வேண்டும். வாடிக்கையாளர் கேட்காமல் ஒன்றைச் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. தமிழில் வர வேண்டும். நான்கு நாள் இருக்கும்போது அனுப்பாமல், ஒரு மாதம் முன்பே வர வேண்டும். உதிரிபாக விலையும் ரிப்பேர் கூலியும் ஏறியிருக்கிறது, வெள்ளத்தில் கம்பெனிகள் நிறையக் கொடுத்திருக்கின்றன. நியாயமாக ஏறுவதைக் கட்ட நான் தயார். என்னைப் போல இரண்டு தாளையும் பரப்பி வைத்து அடிஸ்கேல் பிடித்துப் பார்க்க எல்லோருக்கும் நேரம் இருக்காது, கண் பார்வையும் இருக்காது.

அதுவரை, சந்தேகம் இருப்பவர்கள் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லையென்றாலோ, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான ஓம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, பிரீமியம் சம்பந்தமான தகராறையும் அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஆன்லைனில் ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம். மேல்வீட்டுத் தம்பி இப்போது பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். ஜனவரியில் அவனுக்குப் புதுப்பிப்பு வருகிறது. போன வருடப் பாலிசியை இப்போதே பிரின்ட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மின்வாரிய ஓய்வூதியர், உங்கள் நெடுநாள் வாசகி,
வேளச்சேரி, சென்னை.