சந்தாக் கொப்பியில் பெயர் இருக்கிறது, வாக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவள் நான். அதில் பதினான்கு வருடம் தோட்டக் கமிட்டியில் மாதர் தலைவியாகவும் இருந்தேன். என் சங்கம் எது, கட்சி எது என்று இங்கே எழுதவில்லை. இன்ன தலைவர் நல்லவர், இன்னவர் கெட்டவர் என்று சொல்லவும் வரவில்லை. தலைவர் என்று ஒருவர் எங்களுக்கு எந்த வழியாக வந்து சேருகிறார் என்பதுதான் பல வருடமாக என் மனதில் கிடக்கும் விஷயம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கட்சிக்குப் புதுத் தலைமை வந்தது. அதற்கு முதல் நாள் அந்திக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது மாவட்டப் பிரதிநிதி மடுவத்துக்கு வந்தார். நாளைக்கு மகாநாடு, காலை ஆறு மணிக்கு பஸ் வரும், பெண்கள் மட்டும் நாற்பது பேராவது வேண்டும் என்றார். யார் யார் தலைவர் பதவிக்கு நிற்கிறார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் மேல பேசி முடிச்சாச்சுக்கா, நீங்க ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுப் போனோம்.

பந்தலில் எங்களைப் பின்பக்கம் நிறுத்தினார்கள். தொப்பியும் கொடியும் தந்தார்கள். பத்து மணிக்கு என்றது பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கியது. மேடையில் ஒருவர் பிரேரணை வாசித்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நானும் தூக்கினேன். எதிர்ப்பவர் உண்டா என்று கேட்கவில்லை. வேறு பெயர் உண்டா என்றும் கேட்கவில்லை. கையை இறக்குவதற்குள் பட்டாசு வெடித்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில் 'ஏகமனதாகத் தெரிவு' என்று வந்தது.

அப்போது என் பேத்தி எட்டாம் ஆண்டு. அவள் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத்துக்குப் பெட்டி வைத்து வாக்குப் போட்ட வாரம் அது. "அம்மாயி, நீங்க சீட்டுல புள்ளடி போட்டீங்களா?" என்று கேட்டாள். கையைத் தூக்கினோம் என்றேன். "அப்ப எதிர்த்து யாரு நின்னாங்க?" என்றாள். பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கட்சியும் தொழிற்சங்கமும் காகிதத்தில்தான் இரண்டு. தோட்டத்தில் சந்தா கட்டுகிறவரும் தேர்தலில் அதே கட்சிக்கு வீடு வீடாகப் போகிறவரும் ஒரே ஆள்தான். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். முல்லோயாத் தோட்டத்தில் 1940இல் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். டெவன் தோட்டத்தில் 1977இல் சிவனு லெட்சுமணன் விழுந்தார். இருவரும் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் இல்லை, நம்மைப் போல வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் வேலை செய்தவர்கள். தலைவர்களின் பெயருக்குப் பின்னால் நிற்கும் பலம் இந்தச் சனத்தின் பலம்.

என் அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் சனத்தை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அம்மா சின்னப் பிள்ளை. எங்கள் சனத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான 1964இல் நான் பிறந்தேன். பெரியப்பா குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்விட்டது. அம்மா இங்கேயே நாடற்றவராக இருந்தார். 2003இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் அவர் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியது. அறுபது வயது தாண்டி முதல்முறை வாக்களித்துவிட்டு வந்த அன்று, மை அழிந்துவிடும் என்று அந்த விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டே ரொட்டி சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார். அந்த அம்மாவும் வேலை செய்த காலமெல்லாம் சந்தா கட்டியவர். நாடு அவருக்கு மிகவும் பிந்தித்தான் வாக்குக் கொடுத்தது, ஆனால் கொடுத்தது. அவர் சந்தா கட்டிய சங்கம், அவர் கண்ணை மூடும்வரை, உனக்கு யார் தலைவராக வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

உறுப்பினர் பட்டியல் சரியாக இல்லை, அதனால் எல்லோரிடமும் வாக்கெடுப்பது நடக்காத காரியம் என்று எங்கள் காரியாலயத்தில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. ஏனென்றால் அந்தப் பட்டியலை எழுதியவள் நான்.

1983இலிருந்து என் சம்பளச் சீட்டில் மாதாமாதம் சந்தா பிடிபட்டது. தோட்டத்து ஒப்பீஸே பிடித்து அனுப்பிவிடும். சங்கம் எங்களைத் தேடி வர வேண்டிய தேவையே இருக்கவில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்றாகி, கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகிய நேரத்தில், எங்கள் தோட்டத்தில் ஒப்பீஸ் சந்தா பிடிப்பதை நிறுத்திவிட்டது. அப்புறம் தோட்டத் தலைவரும் நானும் பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். மழைக்காலம். அட்டை கடித்த காலோடு ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்று பெயர், அடையாள அட்டை இலக்கம், லய நம்பர், கையெழுத்து, எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு என்று வாங்கினோம். மேல் கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், ஒரு அக்கா காசை எடுத்து நீட்டிக்கொண்டே, "சந்தா தாரேன் தலைவி. வாங்கிட்டுப் போன பொறகு எங்கள யாரு ஒரு வார்த்த கேட்டா?" என்றார். அவருக்கு நான் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். இன்று வரை அந்த வார்த்தை உறுத்துகிறது. கொப்பி முடியும்போது இருநூற்று எண்பத்தாறு பெயர்கள். அதில் பெண்கள்தான் அதிகம்.

வாக்காளர் இடாப்பு என்றால் வேறென்ன? ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி இருந்தால் கட்சிக்கு முழு இடாப்பும் கையில் இருக்கிறது.

தோட்டத்துச் சனத்துக்குத் தேர்தல் நடத்தத் தெரியாது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். சாவு வீட்டுக்கு உதவும் எங்கள் மரணாதார சங்கத்துக்குத் தைப்பொங்கல் கழிந்து கோயில் முன்றலில் வருடாவருடம் தெரிவு நடக்கிறது. ஒருமுறை பொருளாளர் பதவிக்கு இருவர் நின்றார்கள், இருவரும் மச்சான் முறை. கையைத் தூக்கச் சொன்னால் முகத்துக்கு அஞ்சித் தூக்குவார்கள் என்று சீட்டுப் போட்டோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவருக்குக் குத்துவிளக்கு, மற்றவருக்குக் கொழுந்துக் கூடை என்று படம் வரைந்தோம். பிஸ்கட் டின்தான் பெட்டி. பூசாரி எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு சீட்டாக விரித்துக் காட்டி எண்ணினார். பதினொரு வாக்கு வித்தியாசம். தோற்றவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அந்த மாதமே ஒரு சாவு விழுந்தபோது பந்தற்கால் நட முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். இருநூறு ரூபாய் சேர்க்கும் சங்கத்துக்கே சீட்டுப் போடுகிறோம். நம் சம்பளத்தையும் வீட்டையும் காணியையும் பேசப் போகிறவருக்குக் கையைத் தூக்கினால் போதுமா?

போட்டி வைத்தால் பிளவு வரும், நாம் சிறுபான்மை, ஒற்றுமை முக்கியம் என்று சொல்வார்கள். நானும் மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1950களில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிலிருந்து அஸீஸ் பிரிந்து போனார். 1960களில் வெள்ளையன் பிரிந்து தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். பிறகு சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினார். ஒவ்வொரு பிரிவுக்கும் அதற்கென்று காரணம் இருந்தது. ஆனால் எந்தத் தடவையும் இரு தரப்பாரும் தோட்டம் தோட்டமாக வந்து, நீங்களே தீருங்கள் என்று உறுப்பினர் முன் சீட்டை வைக்கவில்லை. தலைவர்கள் பிரிந்தார்கள், பிறகு லயத்தில் அண்ணன் ஒரு கொடி, தம்பி ஒரு கொடி என்று நாங்கள் பிரிந்தோம்.

இலங்கைத் தமிழரசுக் கட்சி 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் பொதுச்சபையைக் கூட்டி இரகசிய வாக்கெடுப்பில் தலைவரைத் தெரிவு செய்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. 1949இல் தொடங்கிய கட்சியில் தலைவருக்காக வாக்குப் போட்டது அதுதான் முதல்முறை. பிறகு விவகாரம் நீதிமன்றம் வரை போனது, பார்த்தீர்களா என்று எங்கள் ஆட்கள் என்னிடம் சொல்லிக் காட்டினார்கள். நான் பார்த்தேன். யாருக்கு வாக்கு உண்டு, சபையை எப்படிக் கூட்டுவது என்பதை வாக்கெடுப்புக்கு முதலே ஒரு சந்தேகமும் இல்லாமல் எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அதில் விளங்கியது. அந்தக் கணக்கை வாசித்த அன்று எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. 137 பேர் வேறு பெயருக்கு வாக்களித்துவிட்டு, அதே கட்சியில் அடுத்த நாளும் இருக்க முடிகிறது.

இந்தியாவில் காங்கிரஸ் கட்சி 2022 அக்டோபரில் வாக்கெடுத்தபோது கார்கேக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. ஆனால் வாக்களித்தவர்கள் பேராளர்கள். கிளையில் இருக்கும் சாதாரண உறுப்பினருக்குச் சீட்டு இல்லை. பிரித்தானியாவில் சந்தா கட்டும் உறுப்பினருக்கே வாக்கு. சரி, உறுப்பினர்கள் எப்போதும் நல்லவரைத்தான் தெரிவு செய்வார்களா? இல்லை. ஆசிரியையாக இருக்கும் என் மகள் இதைத் தேடிச் சொன்னாள்: 2022இல் கொன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் 81,326 வாக்குகளால் லிஸ் ட்ரஸைத் தெரிவு செய்தார்கள், சுனக்குக்கு 60,399. தெரிவானவர் பிரதமராகி இரண்டு மாதம் முடியுமுன்னே விலகல் அறிவித்துவிட்டார். வாக்குப் பெட்டி பிழையே விடாது என்று நான் சொல்ல மாட்டேன். பிழை விட்டாலும் அது நாங்கள் விட்ட பிழையாக இருக்கும், அடுத்த முறை நாங்களே திருத்துவோம். இப்போது மேலே விடப்படும் பிழைக்கும் நாங்கள்தான் கையைத் தூக்கிச் சாட்சி நிற்கிறோம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போது, தலைவர் தெரிவைத் தோட்டத்துக்குக் கொண்டு போனால் சனம் சாராயப் போத்தலுக்கு வாக்குப் போட்டுவிடும் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அதே சனத்தின் வாக்கை வாங்கித்தான் பிரதேச சபையிலிருந்து பாராளுமன்றம் வரை போகிறார்கள். அங்கே போக அந்த வாக்கு நல்ல வாக்கு, கட்சிக்குள் வந்தால் மட்டும் போத்தல் வாக்கா? 1931இல் இந்த நாட்டில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோதும், படிக்காதவனுக்கு எதற்கு வாக்கு என்றுதான் பெரிய மனிதர்கள் பேசினார்கள்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முன்றலிலோ பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்திலோ ஒரு பெட்டி. கொப்பியில் பெயர் உள்ளவருக்கு ஒரு சீட்டு, சீட்டில் படம். நிற்கிறவர்கள் அதற்கு முன் அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் பதுளைக்கும் மாத்தளைக்கும் இரத்தினபுரிக்கும் வந்து, மாலை போடாத கூட்டத்தில், எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, கொழுந்து எடுக்கிறவர்களில் பெண்களே அதிகமாக இருக்க, எங்களுக்கு ஏன் மாதர் தலைவி என்ற ஒரு பதவிக்கு மேலே படி இல்லை என்பதுதான். பெட்டியைத் தோட்டத்திலேயே திறந்து எண்ண வேண்டும். கணக்கைப் பெரட்டுக்களத்துப் பலகையில் எழுதிய பிறகுதான் சீட்டுகள் காரியாலயத்துக்குப் போக வேண்டும். வழியில் மாறிவிட்டது என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது.

சிக்கலான இடமும் இருக்கிறது. கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எந்தத் தோட்டக் கொப்பியிலும் இல்லை. தேர்தல் என்றால் பஸ் ஏறி வந்து வாக்களித்துவிட்டுப் போகிறார்கள், கட்சிக்குள் அவர்களுக்கு இடமே இல்லை. அவர்கள் நேரடியாக வருடச் சந்தா கட்டிப் பதியட்டும். ஆனால் தெரிவுக்கு ஆறு மாதம் முன்பே பதிவை மூட வேண்டும். பிரித்தானியத் தொழிற்கட்சி 2015இல் மூன்று பவுண் கட்டிய ஆதரவாளருக்கும் வாக்குக் கொடுத்தது. வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்து, அடுத்த வருடம் அதை 25 பவுணாக்கினார்கள். கட்டணத்தைக் கூட்டினால் ஏழைதான் வெளியே நிற்பான். திகதியை முன்னால் வைத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் ஏற்கெனவே எங்கள் கட்சியின் விதிகளை எழுதிய யாப்பில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதினான்கு வருடம் தலைவியாக இருந்த என் கண்ணில் அந்த யாப்பு ஒருமுறைகூடப் பட்டதில்லை. சென்ற மாதம் தமிழில் ஒரு பிரதி கேட்டு, என் பழைய சந்தாச் சீட்டு ஒன்றையும் போட்டோப் பிரதி எடுத்து இணைத்து, தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிரதி கைக்கு வந்தால், தலைவர் தெரிவு பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாதர் தலைவி ஒருவர்,
பொகவந்தலாவை.