ஜி.ஐ.எஸ். பயிற்சி குமரி மண்ணிலேயே நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நில அளவைப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு என்று அக்கம்பக்கத்தார் அழைத்தால் இன்றும் நில எல்லைகளின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அண்மையில் வில்லுக்குறி பக்கம் ஒரு குளத்தை அளக்கப் போனபோது, தனியார் பயிற்சி மையம் ஒன்றில் ஜி.ஐ.எஸ். (வரைபடங்களையும் இடத் தகவல்களையும் கணினியில் கையாளும் முறை) சான்றிதழ் பெற்ற தம்பி ஒருவர் உதவிக்கு வந்திருந்தார். கரையில், செயற்கைக்கோள் துணையோடு இடத்தைத் துல்லியமாகக் காட்டும் டி.ஜி.பி.எஸ். கருவி வைத்து எடுத்த புள்ளிகளை அவர் மடிக்கணினியில் ஏற்றியதும், எங்கள் குளம் இலங்கைக்கும் கிழக்கே வங்கக் கடலில் போய் நின்றது.

பூமியை 6 பாகை அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரித்தே, இடத்தைக் குறிக்கும் இந்த ஆயத்தொலைவு எண்கள் கணக்கிடப்படுகின்றன. 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கும் குமரி மாவட்டம் 43ஆம் பட்டையிலும், சென்னை 44ஆம் பட்டையிலும் வருகின்றன. சென்னையின் மாதிரித் தரவை வைத்தே பயின்ற அந்தத் தம்பி பழக்கத்தில் 44 என்று தேர்ந்தெடுத்துவிட, குளம் ஏறத்தாழ 660 கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஏன் அழுத்துகிறோம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

660 கிலோமீட்டர் பிழை உடனே கண்ணில் படும். நான் அஞ்சுவது மூன்று மீட்டர் பிழைக்குத்தான். நம் ஊரில் ஐந்து சென்ட் மனை என்பது சுமார் 202 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்குப் பதினான்கு மீட்டர். ஓர் எல்லை மூன்று மீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ ஒரு சென்ட் கைமாறிவிடும். ரப்பர் தோட்டத்திலும் தென்னை விளையிலும் மர நிழலில் செயற்கைக்கோள் சமிக்ஞை மங்குவதால், கைப்பேசி காட்டும் இடத்தை நம்பிக் கல் நாட்டினால் வழக்கு நீதிமன்றத்தில்தான் போய் முடியும்.

வேலைவாய்ப்புக்குக் குறைவில்லை. 2021 பிப்ரவரியில் வரைபடத் தயாரிப்புக்கான கட்டுப்பாடுகளை மத்திய அரசு தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கையும் வந்தது. 2019இல் மாநகராட்சியான நாகர்கோவிலில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, சொத்து வரி என எதை எடுத்தாலும் துல்லியமான வரைபடம் வேண்டும். ஆனால் இதை முறையாகப் பட்டப்படிப்பாகப் படிக்க நம் பிள்ளைகள் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துவது பாராட்டத்தக்கதே என்றாலும், தமிழ்வழியில் படித்த ஐ.டி.ஐ. மாணவருக்கு அவை எளிதில் எட்டுவதில்லை. ட்ரோன் பயிற்சிக்கும் இப்போது நல்ல மவுசு இருக்கிறது. ஆனால் பறக்கவிடுவதைச் சில நாளில் கற்றுக்கொள்ளலாம், தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இடம் துல்லியமாக அளக்கப்பட்ட அடையாளங்களை) நிறுவி, எடுத்த படங்களை அவற்றோடு பொருத்துவதில்தான் உழைப்பும் ஊதியமும் இருக்கின்றன.

நாகர்கோவிலின் கோணம் பகுதியில் அரசு பாலிடெக்னிக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் அருகருகே உள்ளன. இரண்டுக்கும் பொதுவாக ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, மாலையிலும் வார இறுதியிலும் தமிழில் ஆறு மாதப் பயிற்சி தொடங்கலாம். கியூஜிஐஎஸ் என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருளுக்குக் கட்டணமே கிடையாது. இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். செலவெல்லாம் அளவைக் கருவிகளுக்கும் நல்ல ஆசிரியர்களுக்கும்தான். பாதி நேரமாவது வகுப்புக்கு வெளியே, ஏலாவிலும் (வயல்வெளியிலும்) குளக்கரையிலும் கழிய வேண்டும். தேர்வையும் கொள்குறி வினாத்தாளோடு முடித்துவிடாமல், ஒவ்வொரு மாணவரும் ஒரு குளத்தை அதன் கரை, மடை, மறுகால், வரத்துக் கால்வாயோடு அளந்து, புலப்படத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். பணியில் இருக்கும் நில அளவர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் பேரூராட்சிப் பணி மேற்பார்வையாளர்களுக்கும் இதே வகுப்பில் இடம் ஒதுக்குவது அவசியம். அவர்கள் கற்காமல் இளைஞர்கள் மட்டும் கற்றால், வரைபடம் அலுவலக அலமாரியைத் தாண்டாது.

மாவட்ட நிர்வாகமும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற சிலரும் நானும் வாரம் ஒரு நாள் ஊதியமின்றிக் களத்தில் சொல்லிக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.