கடைசிக் கட்டத்தில் என்ன வந்தது?

நிஷி-கசாய், டோக்கியோ, ஞாயிறு இரவு

கண்ணு,

பாப்பா வீட்டுக்கு நான் வந்து 18 நாள் ஆகிறது. கோயில், பூங்கா, புல்லட் ரயில் எல்லாவற்றையும் அவள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள், அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. நேற்று அகிஹபாராவில் பார்த்ததை மட்டும் உன்னிடம் போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

காலையிலிருந்து மழை. மழைக்கு ஒதுங்கி உட்காருகிற மாதிரி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றார் மாப்பிள்ளை. தோஸாய் லைனில் கயாபாச்சோ வரை போய், அங்கே ஹிபியா லைனுக்கு மாறினோம். ஸ்டேஷனுக்கு வெளியே வந்து பெரிய தெருவில் திரும்பினால் இரண்டு பக்கமும் உயர உயரமாக ‘கேம் சென்டர்’ கட்டடங்கள். மாடிக்கு மாடி விளையாட்டு இயந்திரம்தான், வேறு கடையே கிடையாது. எனக்கு முதலில் உள்ளே போகவே மனமில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பொம்மைகள், மேலே இரும்புக் கொக்கி. 100 யென் நாணயம் போட்டால் கொக்கியை நகர்த்திப் பொம்மையைத் தூக்க வேண்டும். நம் பணத்துக்கு 55, 60 ரூபாய் வரும். பாப்பா ஒரு பூனைப் பொம்மைக்காகப் பத்துத் தடவைக்கு மேல் போட்டுவிட்டாள். கொக்கி எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர்களேதான் அமைத்து வைக்கிறார்களாம், ஆகவே இதில் திறமை பாதிதான். ஆனால் அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண் தானாக வந்து, பெட்டியைத் திறந்து, பொம்மையை விளிம்புக்கு நகர்த்தி வைத்துவிட்டுத் தலை வணங்கிப் போனாள். அடுத்த தடவை விழுந்துவிட்டது. கேட்டால் இப்படி நகர்த்திக் கொடுப்பது இங்கே வழக்கம்தானாம்.

மேலே ஒரு மாடி முழுக்கப் ‘புரிகுரா’ என்கிற படம் பிடிக்கும் கூண்டுகள். 1995-லிருந்து இருக்கிறதாம். பாப்பாவும் நானும் எடுத்தோம். இயந்திரமே கண்ணைப் பெரிதாக்கி, என் நிறத்தையும் வெளுக்க வைத்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் அம்மாயியிடமிருந்து வந்த நிறம் இது. உனக்கு அனுப்பாதே என்று சொல்லிவிட்டேன்.

அதற்கும் மேலே தாள விளையாட்டுகள். நிஜ மேளம் போலவே ஒன்று, நடுவில் அடித்தால் ‘தொன்’, ஓரத்தில் அடித்தால் ‘க’. திரையில் சிவப்பு வந்தால் நடு, நீலம் வந்தால் ஓரம். நானும் அடித்துப் பார்த்தேன், கை வலிக்கிற வரைக்கும். பக்கத்தில் சலவை இயந்திரத்தின் முகப்பு போல வட்டமாக ஒரு திரை. அதன் முன்னால் கல்லூரிப் பையன் ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டு நின்றான். அவன் விரல் போன வேகத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. முடிந்ததும் மூலையில் இருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிவிட்டுப் போனான். வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதி வைக்கிற நோட்டாம். பாப்பா ஒரு வரியைப் படித்துச் சொன்னாள்: “இன்றும் தனியாகத்தான் வந்தேன். நேற்று எழுதியவருக்கு நன்றி, நீங்கள் சொன்னபடி செய்ததில் முடித்துவிட்டேன்.” அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சை அடைத்தது. அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி மாடி பழைய இயந்திரங்களுக்கு. வெளிச்சம் குறைவு. ஆபீஸ் சட்டை போட்ட ஒருவர், அறுபது வயது இருக்கும், பையைக் கீழே வைத்துவிட்டு விமானம் சுடுகிற ஓர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். ஒரே நாணயத்தில் அரை மணி நேரத்துக்கு மேல். அவருக்குப் பின்னால் மூன்று பையன்கள் சத்தமில்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணு, அங்கேதான் எனக்கு நீ ஞாபகம் வந்தாய்.

1996, நீ ஏழாவது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடை. உங்கப்பா காதைப் பிடித்து இழுத்து வந்து, திண்ணையில் வைத்து அடித்தார். உன் பையில் இருந்த ஒரு ரூபாய் நாணயங்கள் வாசலில் சிதறின. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது: உன்னிடம் இருந்த காசுக்கு இரண்டு ஆட்டம்கூட ஆடியிருக்க முடியாது. மீதி நேரமெல்லாம் நீயும் இப்படித்தானே அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பாய்?

நீ அப்போது ஆடிய அந்த முஸ்தபா ஆட்டத்தை இங்கே தேடிப் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் கேட்டதும் அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது. அதை 1993-ல் செய்தது இந்த நாட்டுக் காப்காம் கம்பெனிதானாம், அதன் உண்மைப் பெயர் வேறாம், நம் பக்கத்துப் பையன்கள்தான் அதில் வருகிற ஒருவன் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்களாம். மூன்று பேர் சேர்ந்து ஆடலாம், எட்டுக் கட்டம் என்றார். அந்த மாடியில் அது இல்லை. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன்.

இன்னொன்று சொன்னார், அறிவியல் டீச்சராக இருந்தவளுக்கு அது பெரிய விருந்து. 1978-ல் தைத்தோ கம்பெனியில் நிஷிகாதோ என்பவர் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்று ஓர் ஆட்டம் செய்தார். வரிசையாக இறங்கி வருகிற வேற்றுக்கிரக ஜந்துக்களைச் சுட வேண்டும். சுடச் சுட மிச்சமிருப்பவை வேகமாக நகரும். அப்படி வேண்டுமென்று அவர் முதலில் திட்டமிடவில்லை. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் இயந்திரத்துக்குள் கணக்குப் போடுகிற சின்னச் சில்லுக்குப் பாரம் குறைந்து வேகம் கூடிவிட்டது. ஆட்டத்துக்கு அதுதான் விறுவிறுப்பு என்று கண்டு, அதை அப்படியே விட்டுவிட்டார். இதை எட்டாம் வகுப்பில் சொல்லியிருந்தால் ஒரு பையன்கூடத் தூங்கியிருக்க மாட்டான். நீ அன்று என்னிடம் ஏதோ சொல்ல வந்தாயே, அதுவும் இப்படி ஒன்றாக இருந்திருக்குமோ என்று நேற்று இரவெல்லாம் யோசித்தேன்.

இங்கே சட்டம் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் மாலை 6 மணிக்கு மேல் தனியாக இருக்கக் கூடாது, 18-க்குக் கீழ் என்றால் இரவு 10 மணியோடு சரி. சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு நேரம் சொல்லி உன்னை விடத் தெரிந்திருக்கலாம்.

இந்த இடங்களும் குறைந்துகொண்டே வருகின்றனவாம். ஆட்டத்துக்கு 100 யென் என்பது நாணயத்தோடு ஒட்டிப்போன விலை, ஏற்ற முடியவில்லை. 1989-ல் 3 சதவீதமாக வந்த விற்பனை வரி 2019-ல் 10 ஆகிவிட்டது. 100 யென் ஆட்டத்தில் அந்தப் பாரம் கடைக்காரர் தலையில். அதற்கு மேல் கொரோனா வந்தது. இந்தத் தெருவில் சேகா கம்பெனி வைத்திருந்த ஒரு பெரிய கட்டடம் 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. அந்த வருடக் கடைசியில் சேகா தன் கடைகளைக் கைமாற்றிவிட, இப்போது அவற்றின் பெயர்ப் பலகையில் ‘கீகோ’ என்று இருக்கிறது. சிறுவயதில் வந்தவர்கள் பெரியவர்களாகித் திரும்பி வந்து பார்க்க இடம் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

உங்கப்பா அடித்ததைப் பற்றி அவர்தான் உன்னிடம் பேசியிருக்க வேண்டும், அதற்கு இனி வழியில்லை. என் பங்கை நான் சொல்கிறேன். அன்று இரவு நீ அழுது முடித்துச் சாப்பிட உட்கார்ந்தாய். “அம்மா, கடைசிக் கட்டம் வரைக்கும் போயிட்டேம்மா, அங்க என்னன்னா…” என்று ஆரம்பித்தாய். முகத்தில் அழுகையின் தடமே இல்லை, அவ்வளவு சந்தோஷம். நான் “பேசாம சோத்தத் தின்னு” என்றேன். அதற்கப்புறம் நீ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ கூட்டாளிகளைப் பற்றியோ தானாக வந்து சொன்னதே இல்லை. நான் கேட்டால் மட்டும் பதில் சொன்னாய். அது என்னால் வந்தது, கண்ணு. என்னை மன்னித்துவிடு.

வருகிற வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறேன். பூனைப் பொம்மையைக் குட்டிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஸ்டட்கார்ட்டில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது அந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன வந்தது என்று சொல்லு. முழுசாகச் சொல்லு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா