பெயர் தேடும் புறா

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள செல்வம்,

உன் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

அந்த வலியோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு மாயேபூர் பக்கம் போய், படகேறி எக்ரெத் தீவுக்குப் போனேன். செல்வம், அந்த இளஞ்சிவப்புப் புறாவைப் பார்த்துவிட்டேன்! எண்பதுகளில் நீ இங்கே வாத்தியாராக இருந்தபோது நாம் மலைக்காட்டில் எத்தனை தடவை அண்ணாந்து பார்த்து ஏமாந்திருப்போம்.

கையை நீட்டினால் எட்டிவிடும் போல, தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், சிறகு பழுப்பு, வால் செங்கல் நிறம், காலில் வண்ண வளையங்கள். எங்களைப் பார்த்துக் கொஞ்சமும் பயப்படவில்லை. ஒரு இலையைக் கொத்தி இழுத்து, கிழித்து, நிதானமாக விழுங்கியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

1990 வாக்கில் காட்டில் இருந்தவை 10 புறாக்கள்தான். காட்டை வெட்டினோம், புயல் அடித்தது, மிச்சத்தை எலியும் பூனையும் குரங்கும் பார்த்துக்கொண்டன. கூண்டில் வளர்த்து 1987 முதல் காட்டில் விட்டார்கள். இப்போது 400-க்கு மேல் இருக்கின்றன.

பிளேன் ஷாம்பாஞ்ஞில் சீனக்கொய்யா பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கொய்யாதான் புதராக அடைத்துக்கொண்டு இந்த மண்ணின் கன்றுகளை முளைக்கவே விடுவதில்லை. அதைத் தின்று குரங்கும் கொழுக்கிறது. இவ்வளவு ஆசையாகத் தின்ற பழமா என்று மனம் ஆறவில்லை. கொய்யாவைக் களைந்து, உள்ளூர் மரங்களை நட்டு வருகிறார்கள்.

எண்ணிக்கை கூடியும் கவலை தீரவில்லை. எல்லாம் ஒருசில பறவைகளின் வாரிசுகள். சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்வதால் குஞ்சு தங்குவது குறைகிறது. வெளியிலிருந்து வந்த புறாக்கள் கொண்டுவந்த தொண்டை நோய் வேறு. அதனால்தான் இன்னும் தீனி வைத்து, எலிப்பொறி வைத்துக் காவல் இருக்கிறார்கள். அந்தக் காவலை ஒரு வருடம் விட்டாலும் எனக்குப் பயம்தான்.

அப்புறம் ஒரு உதவி. "தமிழில் இதுக்கு என்ன பேர் தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். "இளஞ்சிவப்புப் புறா" என்றேன். "அது நிறம்தானே, பேர் எங்கே?" என்கிறாள். மாடப்புறா, மணிப்புறா மாதிரி வாய்க்கு வசதியாக ஒரு பெயர் தோன்றினால் எழுது. தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் ராமு