ஹாஃப் சாப்ஸ் வாங்கும்போது குதிரைப் பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் குதிரை என்றாலே அய்யனார் கோயில் மண்குதிரைதான் என்று ஆகிப்போன காலத்தில், அப்படி ஒரு கட்டுரை வந்ததே சந்தோஷம். ஆனால் ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் பத்தி பத்தியாக எழுதியவர்கள், கெண்டைக்காலில் மாட்டுகிற உறையான ஹாஃப் சாப்ஸ் கால் அளவுக்குப் பொருந்தினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். போதாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் உச்சிப்புளியில் தோல் தைப்பவன். அப்பா ராமேஸ்வரத்துக் குதிரை வண்டிகளுக்கு வார் தைத்தவர், அந்த ஊசியும் குத்தூசியும்தான் இன்றைக்கும் என் கையில் இருக்கின்றன. இப்போது வருவது பெரும்பாலும் செருப்பும் பையும்தான். ஆனால் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் நாலு குதிரை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள், அங்கிருந்து சேணமும் வரும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு சேணம் வந்தது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கமும் தொங்கும் அகலத் தோல் இருக்கிறதே, ஃப்ளாப் என்பார்கள், அதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வருகிற இடத்தில் ரம்பத்தால் இழுத்த மாதிரி கோடு கோடாகக் கீறல். விரலை வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரிகிறது, மேல்தோல் உரிந்து உள்ளே இருக்கிற நார் எட்டிப் பார்க்கிறது. முள் கிழித்ததா, எலி கடித்ததா என்று அவர்களுக்குள் பேச்சு. எனக்கும் பிடிபடவில்லை. சரி, ஓட்டுகிறவர்களைப் பார்ப்போம் என்று மறுநாள் காலை தோப்புக்கே போய் நின்றேன். ஒரு பையன் ஹாஃப் சாப்ஸை இடது வலது மாற்றிப் போட்டிருந்தான். அவ்வளவுதான் விஷயம். வெளிப்பக்கம் இருக்க வேண்டிய ஜிப் சேணத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது, குதிரை துள்ளு நடை போகும்போது அவன் எழுந்து உட்கார எழுந்து உட்கார, அந்த ஜிப் பல் ஃப்ளாப்பை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குட்டை பூட்ஸுக்கு மேலே, கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கெண்டைக்காலைச் சுற்றி மாட்டுகிற உறைதான் ஹாஃப் சாப்ஸ். ஏறிக் கால் வைக்கிற அங்கவடியின் வார் காலைக் கிள்ளாமல் இருக்கவும், கால் வழுக்காமல் இருக்கவும் போடுவது. இதில் இடதுகாலுக்கு ஒன்று, வலதுகாலுக்கு ஒன்று என்று உண்டு. ஜிப் வெளிப்பக்கம் வரவேண்டும், இல்லையென்றால் நேர் பின்னால் வரவேண்டும். குதிரைப் பக்கம் வரவே கூடாது. (காலில் மாட்டியபிறகு சேணத்தைத் தொடுகிற பக்கத்தைத்தான் குதிரைப் பக்கம் என்கிறேன்.) கடையில் எல்லாரும் வெளிப்பக்க அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். சேணத்துக்கு அந்தப் பக்கத்தோடு ஒரு வேலையும் கிடையாது.

ஆகவே திருப்பிப் பிடித்துக் குதிரைப் பக்கத்தைப் பாருங்கள். பக்கிள், குமிழ், பிரஸ் பட்டன், கல் பதித்த வேலை எதுவும் அங்கே இருக்கக் கூடாது. தடித்த தையல்கூட வேண்டாம், அந்த இடம் ஒரே துண்டுத் தோலாக இருப்பதுதான் நல்லது, ஒட்டுத்தையல் இருந்தால் அது தட்டையாக அடித்துப் படியவைத்ததாக இருக்கட்டும். வெல்க்ரோ வைத்தது என்றால் அந்த முள் பட்டையின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே செய்து பார்க்க ஒரு வழி உண்டு. குதிரைப் பக்கத்தை உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்து அழுத்தி நாலு தடவை இழுங்கள். உங்கள் தோலில் கோடு விழுந்தால் சேணத்திலும் விழும்.

சேணத்துத் தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட ரகம், நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மாதிரி. வலு அதிகம், ஆனால் மேல்தோலில் விழுந்த கீறல் திரும்ப மூடாது. தேங்காய் எண்ணெயைக் கொட்டித் தேய்த்தால் அந்த இடம் கறுக்கும், தையல் நூல் ஊறிப்போகும், கீறல் அப்படியே இருக்கும்.

அப்புறம் ஸ்வேட் என்கிற பூமயிர்த் தோல் வேண்டுமா, வழவழப்புத் தோல் வேண்டுமா என்ற கேள்வி. ஸ்வேட் நன்றாகப் பிடிக்கும், புதிதாக ஏறும் பிள்ளைகளுக்குத் தைரியம் தரும், அதை மறுக்கவில்லை. மணல் இல்லாத ஊரில் அதையே வாங்கலாம். அரியமான் கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வாயைத் திறந்தால் பல்லில் மணல் நறநறக்கிற ஊர் இது. ஸ்வேட்டின் பூமயிருக்குள் அந்த மணல் போய் உட்கார்ந்துகொண்டால் அது தோல் இல்லை, உப்புத்தாள். முக்கால் மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரமும் சேணத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், அதுவும் இரண்டு கெண்டைக்கால் படுகிற இடத்தில் மட்டும். நம் கரைக்கு மெல்லிய வழவழப்புத் தோல்தான் சரி, பணம் இடிக்கிறது என்றால் தண்ணீரில் அலசக்கூடிய செயற்கைத் தோலும் பரவாயில்லை. எதுவானாலும் ஏறுவதற்கு முன்னால் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை.

இன்னொன்று சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரையில் ஓட்டிவிட்டு வருகிறவர்களின் ஹாஃப் சாப்ஸைத் தடவிப் பார்த்திருக்கிறேன், ஒடிந்த முள்முனை உள்ளே ஏறி நுனி மட்டும் வெளியே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். தடவிப் பார்த்துக் குறட்டால் பிடுங்கிவிடுங்கள்.

ஜிப் நைலான் பல்லாக இருக்கட்டும். உப்புக்காற்றில் உலோக ஜிப் பூத்துப்போய் இறுகும், பிள்ளைகள் இழுத்து இழுத்து ஜிப் தலையையே பிய்த்துவிடுவார்கள், பிய்ந்த இடம் கூராக நிற்கும். பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் சுலபமாக ஓடும். மலிவான கறுப்பு, சிவப்புச் சாயத் தோலை வாங்குவதற்கு முன்னால் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் துணியில் இறங்கினால் வேர்வை பட்டதும் சேணத்திலும் இறங்கும்.

பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் கப்பலில் வந்திறங்கிய தென்கரை இது. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குக் கணக்கில்லாமல் பணம் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று எழுதிவைத்தார். வாங்கத் தெரிகிற நமக்கு வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். ஒரு நல்ல சேணத்தின் விலையில் இரண்டு பிள்ளைகளின் ஒரு வருஷப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது, சாமி.

அந்தப் பையனுடைய ஹாஃப் சாப்ஸின் உள்ளே, இடதில் ஒரு சிவப்பு நூல் முடிச்சும் வலதில் இரண்டு முடிச்சும் போட்டுக் கொடுத்தேன். ஜிப்புக்கு மேலே மடிந்து விழுகிற மாதிரி ஒரு தோல் பட்டையும் தைத்துவிட்டேன். இப்போது தோப்பில் இருக்கிற எல்லா ஜோடியிலும் அந்த முடிச்சு இருக்கிறது. அடுத்த முறை குதிரையேற்றம் பற்றி எழுதும்போது இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோல் தைக்கும் வாசகர்,
உச்சிப்புளி.