சாம்பல் மூடி டியூபில் இருக்கிற பயோகெமிஸ்ட்ரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

"ஜார்ஜியாவில் ஆறு வருஷம் படித்ததெல்லாம் எங்கே போச்சுன்னே தெரியலப்பா, பயோகெமிஸ்ட்ரியைத் திறந்தாலே தூக்கம் வருது" என்றாய். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுதுகிற எஃப்.எம்.ஜி.இ. பரீட்சையில் 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ். அந்த 300-இல் 100 கேள்வி நீ வெறுக்கிற அடிப்படைப் பாடங்களில் இருந்துதான். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி தலா 17. பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, பார்மகாலஜி தலா 13. ஃபாரன்சிக் 10. ஜெனரல் மெடிசினுக்கே 33-தான். கடைசி நேரத்தில் மெடிசின், சர்ஜரி போதும் என்று உன் ரூம்மேட் சொல்வதை நம்பாதே.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அரசு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தே ரிட்டயர் ஆனவன். உன் புத்தகத்தில் இருக்கிற பாதி விஷயம் எங்கள் ரேக்கில் டியூபாக நின்றது.

சுகருக்கு ரத்தம் எடுக்கிற சாம்பல் மூடி டியூபை எடுத்துக்கொள். அதில் ஃப்ளோரைடு இருக்கும். ஏன்? சாதாரண டியூபில் வைத்தால் செல்கள் சும்மா இருக்காது, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸைத் தின்றுவிடும். ஃப்ளோரைடு ஈனோலேஸ் என்சைமைத் தடுத்து கிளைகாலிசிஸை, அதாவது செல் குளுக்கோஸை உடைக்கிற வேலையை, நிறுத்துகிறது. அதுவும் உடனே இல்லை. ஈனோலேஸுக்கு முந்தைய படிகள் ஓடிக்கொண்டிருப்பதால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சுகர் கொஞ்சம் குறையத்தான் செய்யும். சிவப்பணுவுக்கு ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா கிடையாது, அதனால் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் அது லாக்டேட்தான் தயாரிக்கும். அந்த லாக்டேட் கல்லீரலுக்குப் போய்த் திரும்பக் குளுக்கோஸாகிறது, அதுதான் கோரி சைக்கிள். ஒரு மூடியைப் பிடித்துக்கொண்டு எத்தனை கேள்விக்குப் போய்விட்டோம் பார்.

அடுத்து ஊதா மூடி. அதில் ரத்தம் உறையாமல் தடுக்கிற பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். வார்டில் அவசரத்தில் அந்த ரத்தத்தை, பொட்டாசியம், கால்சியம் பார்க்கிற சிவப்பு மூடி டியூபில் கொஞ்சம் ஊற்றிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கியிருக்கும், நோயாளியோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். பொட்டாசியம் டியூபில் இருந்த மருந்திலிருந்தே வந்தது, கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. பிடித்துக்கொண்டது. ஜிங்க், மெக்னீசியத்தையும் பிடிப்பதால், அவை இல்லாமல் வேலை செய்யாத ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்சைமும் குறைவாகக் காட்டும். பரீட்சையில் இதையே ஒரு கேஸாகக் கொடுத்து அடுத்து என்ன செய்வாய் என்று கேட்டால், திரும்ப சாம்பிள் எடு என்பதுதான் பதில்.

சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சுகர் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிற ஹெச்.பி.ஏ.1சி-யும் அப்படித்தான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பது நினைவிருந்தால், அந்த டெஸ்ட் ஏன் மூன்று மாதக் கணக்கைச் சொல்கிறது என்பது தானாக வரும். ஹீமோலிட்டிக் அனீமியாவில் அணுக்கள் சீக்கிரம் சாவதால் சுகர் ஒட்ட நேரமில்லை, எண் பொய்யாகக் குறையும். இதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

எல்லாவற்றுக்கும் இப்படிக் காரணம் தேடி உட்காராதே. எந்த நோயில் எந்த என்சைம் குறைகிறது என்பது போன்றவை, அதாவது கோஷேவுக்கு குளுக்கோசெரிப்ரோசிடேஸ், டே-சாக்ஸுக்கு ஹெக்சோசமினிடேஸ் ஏ, நீமன்-பிக்குக்கு ஸ்பிங்கோமையலினேஸ், இதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டி, பல் தேய்க்கும்போது பார்த்தால் போதும். கலர் பேனாவில் அழகாக நோட்ஸ் எழுதுவதில் ஒரு மதியத்தையே கழிக்கிறாயாம், அம்மா சொன்னாள். அது படிப்பு இல்லை பாப்பா. புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்வி போட்டுப் பார். தப்பான பதிலுக்கு அது ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதி வை.

நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் ஒரு கேள்வியையும் காலியாக விடாதே. 150 கேள்விக்கு 150 நிமிடம் என இரண்டு பாகம், நடுவில் ஏதாவது சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்கப்போகிற கேள்வி இது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை ஆரம்பித்தவருக்கு, ரத்தம் உறைய ஆகிற நேரத்தைப் பார்க்கிற இரண்டு டெஸ்டில் முதலில் ஏறுவது பி.டி.யா, ஏ.பி.டி.டி.யா? வைட்டமின் கே-யை நம்பியிருக்கும் 2, 7, 9, 10 என்ற உறைதல் ஃபேக்டர்களில் எது முதலில் தீரும் என்று யோசி. கூகுளைப் பார்த்துச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா