பாவத்தை எழுதினாலே பாவமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் கல்லூரி மாணவி ஒருத்தி, தான் எழுதும் கதையில் மணமான ஒருவனின் கள்ள உறவு வருகிறது, அதை எழுதுவது பாவமா என்று கேட்டிருந்தாள். பாவத்தை எழுதுகிறவர் அந்தப் பாவத்தில் பங்குபெறுகிறார் என்று ஒரே வரியில் அருட்தந்தை பதில் சொல்லி முடித்துவிட்டார். அந்த வரி என்னை மிகவும் வருத்திவிட்டது. மதிப்புக்குரிய அருட்தந்தையோடு வாதாடும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் திருச்சபை சொல்லாத ஒன்றைத் திருச்சபையின் பெயரால் ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்லலாமா?

உலகெங்கும் உள்ள ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட, சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணை தங்களுக்குத் தெரியாததல்ல. அதன் 7ஆம் பத்தி இந்தக் கேள்விக்கென்றே எழுதியது போல இருக்கிறது. தீமையைக் கதையாகச் சொல்வதும் காட்சியாகக் காட்டுவதும் மனிதரை ஆழமாக அறிய உதவும், உண்மையும் நன்மையும் எவ்வளவு பெரியவை என்று உணர்த்தவும் கூடும் என்கிறது. உடனே வரம்பும் வைக்கிறது: ஆன்மாவுக்குக் கேடு வரும்படியோ, கீழான இச்சையைக் கிளறும்படியோ இருக்கக் கூடாது. அந்த வரம்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பாவத்தை இனிப்பாகக் காட்டி விற்கிற படங்கள் எத்தனை வருகின்றன என்று எனக்கும் தெரியும். ஆனால் எப்படிக் காட்டுகிறாய் என்று கேட்பது வேறு, காட்டவே கூடாது என்பது வேறு அல்லவா?

சாமுவேல் இரண்டாம் நூலின் 11ஆம் அதிகாரத்தை அந்த மாணவிக்கு நினைவுபடுத்தியிருக்கலாமே. அரசன் தாவீது பிறன் மனைவி பத்சேபாவை மாடியிலிருந்து பார்க்கிறான், ஆள் அனுப்புகிறான், அவள் கருவுறுகிறாள். போர்முனையிலிருந்து அவள் கணவன் உரியாவை வரவழைத்து, குடிக்க வைத்து, வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்க்கிறான். அவன் போகவில்லை. கடைசியில் அவனைச் சாகவிடச் சொல்லிப் படைத்தலைவன் யோவாபுக்கு எழுதிய கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். தன் சாவை உரியா தானே சுமந்துகொண்டு போகிறான். தூய ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டது என்று நாம் நம்பும் நூல் இவ்வளவையும் ஒளிக்காமல் சொல்கிறது. அப்புறம் இறைவாக்கினர் நாத்தான் வந்து என்ன செய்தார்? ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். அநியாயம் செய்தவனைப் பற்றிய கதை அது. அதைக் கேட்டுக் கொதித்த பிறகுதான் தாவீதுக்குத் தன் பாவம் தெரிந்தது. நாத்தானும் பாவத்தில் பங்குபெற்றாரா?

எங்கள் ஊர்க் கோவில் பங்கில் தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவது வழக்கம். முன்பு ஒரு பங்குத்தந்தை இருந்தபோது, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் காட்சியை எடுத்துவிடச் சொன்னார். பிள்ளைகள் பார்க்கிறார்களாம். அந்தப் பெண்ணாக நடிக்க வேண்டிய பிள்ளை வசனம் எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். காட்சி போனதால், பாவமில்லாதவர் முதல் கல்லை எறியட்டும் என்று ஆண்டவர் சொன்னதும் போயிற்று. அதே மேடையில் கசையடிக் காட்சி மட்டும் நீண்டுகொண்டே போனது. சிவப்புச் சாயம் முன்வரிசைக் குழந்தைகள் மேல் தெறித்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுமையைக் குழந்தைகள் பார்க்கலாம், மன்னிப்பைப் பார்க்கக் கூடாது என்றால் இது என்ன நியாயம்?

தங்கள் இதழின் திரைப்படப் பக்கம் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை நாயகன் தெருத்தெருவாகத் துரத்தி, ஒரு முறை கன்னத்தில் அறைந்து, முடிவில் அவளையே மணக்கும் ஒரு படத்துக்கு, 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். முத்தக் காட்சி இல்லை என்பதைத் தவிர அதில் என்ன ஒழுக்கத்தைக் கண்டீர்கள்? ஒரு பெண்ணின் மறுப்பை மதிக்காததை வீரமாகக் காட்டுவதுதான் பாவத்தைப் புகழ்வது. பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன், அந்த மாதிரிப் படங்களின் விளைவை நான் பள்ளி வாசலிலேயே பார்த்திருக்கிறேன். அன்றும் கடிதம் எழுதினேன். அது வெளியாகவில்லை.

ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1940இல் எழுதிய 'தி பவர் அண்ட் தி குளோரி' நாவலின் வரலாறும் தாங்கள் அறிந்ததே. மெக்சிக்கோவில் திருச்சபை வேட்டையாடப்பட்ட காலத்தில் குடிக்கு அடிமையான ஒரு குரு, ஒரு மகளுக்கும் தகப்பன், மக்களுக்கு நற்கருணை, பாவமன்னிப்பு போன்ற திருவருட்சாதனங்களைக் கொடுப்பதற்காக ஓடி ஒளிந்து திரிகிறார். 1953இல், திருச்சபையின் கோட்பாடுகளைக் காக்கும் ரோமின் திரு அலுவலகம் அந்த நூலைக் கண்டித்தது. 1965இல் கிரீன் திருத்தந்தை ஆறாம் பவுலைச் சந்தித்தார். அந்த நாவலைத் திருத்தந்தை படித்திருந்தார். உங்கள் நூல்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கரைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அவர் சொன்னதாகக் கிரீனே பதிவு செய்திருக்கிறார். மறு ஆண்டே, கத்தோலிக்கர் படிக்கக் கூடாது என்று திருச்சபை வைத்திருந்த தடைநூல் பட்டியலும் சட்ட வலிமையை இழந்தது. ரோமில் இது நடந்து இத்தனை காலம் ஆகியும் நம் பங்குகளில் செய்தி வந்து சேரவில்லை. எங்கள் பங்கு நூலக அலமாரியிலிருந்த நாவல்களைச் சில ஆண்டுகளுக்கு முன் கயிற்றால் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். எதற்காக என்று கேட்டேன். 'அதெல்லாம் உலகக் கதைகள்' என்றார்கள். உலகத்தில் வாழ்கிற நமக்கு உலகக் கதை ஆகாதா?

அந்த மாணவி இந்நேரம் கதையைக் கிழித்துப் போட்டிருப்பாளோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் எழுதாமல் விட்டால், பாவத்தின் வலியையும் அதிலிருந்து திரும்பும் வழியையும் தெரிந்தவர்கள் வேறு யார் எழுதுவார்கள்?

என் வேண்டுகோள் ஒன்றுதான். வத்திக்கான் சங்கத்தின் அந்த ஆணையின் 7ஆம் பத்தியை, ஒரு சொல் விடாமல், அடுத்த இதழின் கேள்வி-பதில் பக்கத்திலேயே வெளியிடுங்கள். பக்கத்தில் இடம் போதாது என்றால், என் கடிதத்தை விட்டுவிட்டு அதை மட்டுமாவது போடுங்கள்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்